களத்துமேட்டில் ஆடிய காலண்டர்

இந்த ஊரில் பத்து நிமிடம் இன்டர்நெட் இல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வருகிறது. நான் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஜீன் அதைப் படித்துவிட்டு, "வெறும் மன்னிப்புதானா?" என்று முணுமுணுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். எழுபதைத் தாண்டியவர், அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிறவர். வருமானம் குறைந்த வீடுகளுக்கு இங்கிலாந்தில் 'சோஷியல் டாரிஃப்' என்று குறைந்த கட்டணத்தில் இணைப்பு கிடைக்கிறது. கேட்ட மறுவாரமே ஓர் ஆள் வந்து சுவரைத் துளைத்து, பெட்டியை வைத்துவிட்டுப் போனானாம். அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு இரவும் பகலும் அணைவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காட்டு மலையில் செம்மநத்தம். எஸ்டேட் ஆபீசில் கணக்கும் மனுவும் எழுதும் ரைட்டராக இருந்தேன். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ஷீபாவின் கல்லூரிப் படிப்புக்காக வந்தவள். கிளம்புகிற வாரத்தில் பெட்டியைக் கட்டாமல் அடம்பிடித்தேன். "நெட்டு ஊட்டுக்கு வந்தாத்தான் நான் பஸ் ஏறுவேனுங்க. புள்ள மூஞ்சியப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது." ஜீப் ஓட்டுகிற என் கணவர் அருள், "நீ போ ஸ்டெல்லா, அடுத்த மாசம் வந்துரும்" என்றார். அடுத்த மாதம், வந்துவிட்டது என்றார்.

அன்றிலிருந்து தினமும் எனக்கு மதியம் பன்னிரண்டரை ஆகும்போது, அவளுக்கு மாலை ஐந்து மணி, ஷீபா வீடியோவில் வருவாள். பின்னால் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த கோயில் காலண்டர். சிவப்புக் கரை போட்ட அதே அட்டை. சில நாள் அது ஆடும். "ஏங்கண்ணு காலண்டர் ஆடுது?" என்று ஒருமுறை கேட்டேன். "ஃபேன் ஓடுதும்மா." நானும் சரி என்றுவிட்டேன். சித்திரை வெயிலிலும் போர்வை இல்லாமல் தூங்காத வீடு எங்களுடையது. அங்கே ஃபேன் மாட்ட ஒரு கொக்கிகூடக் கிடையாது. பிறந்ததிலிருந்து நாற்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவள் நான். அதை மறக்க இரண்டு வருடம் போதுமாக இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே காலண்டர் பிய்த்துக்கொண்டு பறந்தது. அது இருந்த இடத்தில் சுவர் இல்லை. பனிமூட்டமும், அதற்குள் சில்வர் ஓக் மரங்களும் தெரிந்தன. ஷீபா இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் பாதி திறந்தபடியே படம் நின்றுபோனது.

பத்து முறை கூப்பிட்டிருப்பேன். போகவில்லை. அருள் சேலத்துக்குச் சவாரி போயிருந்தார், மலைப்பாதையில் அவர் போனும் கிடைக்கவில்லை. என் சத்தம் கேட்டு ஜீன் வந்தார்.

"பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாரேன்."

"பெட்டி இல்லை, ஜீன். என் மகளைக் காணவில்லை."

"லைன்தானே போயிருக்கிறது? கம்பெனிக்குப் போன் செய், ஆள் அனுப்புவார்கள்."

"அவள் வெளியே இருக்கிறாள். காட்டில்."

"இன்டர்நெட்டில் பேச எதற்குக் காட்டுக்குப் போனாள்?"

எனக்கும் அதுதான் கேள்வி.

ஏற்காடு பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் முருகேசன் நினைவுக்கு வந்தான். ஜீப்காரர்கள் எல்லோரும் அவன் கடைமுன்தான் நிற்பார்கள். அவனைக் கூப்பிட்டேன்.

"அக்கா! ஏனுங்க, அங்க குளுரு எப்படிங்க? மூக்கு இருக்குதுங்களா, உளுந்துருச்சுங்களா?"

"முருகேசு, ஷீபா வீடியோவுல பேசிட்டே இருந்தா, கட்டாயிருச்சு. பின்னால மரம் தெரிஞ்சுது."

"அப்ப களத்துமேட்டுலதானுங்க இருப்பா, அந்தப் பழைய காப்பிக் களம். செம்மநத்தத்துப் புள்ளைங்க பூராவும் டவருக்கு அங்கதானுங்களே போவுதுங்க."

"ஊட்டுலதான் நெட்டு இருக்குதே?"

"யாரு ஊட்டுலங்க?" என்றான். பிறகு அவன் குரல் மாறியது. "நேத்து அந்தப் பக்கம் காட்டெரும நின்னுச்சுன்னு... நீங்க பயப்படாதீங்கக்கா. நான் வண்டிய எடுத்துட்டுப் போறனுங்க."

ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. திரையில் நின்ற அந்த முகத்தை மூடவில்லை. மூடினால் அதுவும் போய்விடும் என்று தோன்றியது. இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. ஜீன் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

முருகேசனின் எண் வந்தது. பேசியது ஷீபா.

"அம்மா, காலண்டர் கிழிஞ்சுபோச்சும்மா."

"அது கெடக்குது சாமி! உனக்கு என்னாச்சு?"

"எரும வந்துருச்சு. ஓடறப்ப கால் பெசகிருச்சு. போன் கல்லுல உளுந்து நொறுங்கிருச்சு. காப்பித் தோலுரிக்கற பழைய பல்ப்பர் ஷெட்டுக்குள்ளாற பூந்து கதவச் சாத்திக்கிட்டேன். இப்ப ஒண்ணுமில்ல."

"ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ திரும்பி வந்துருவ. அப்புறம் என் காலேஜு?" என்றாள். "நீதானம்மா தெனமும் மூஞ்சியப் பாக்கோணும்ன."

மறுநாள் அருள் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் இருக்கிறாள் என்று நான் நம்புவதற்காக, ஷீபா கூடத்துக் காலண்டரைக் களத்துமேட்டுக்குக் கொண்டுபோய்த் தனக்குப் பின்னால் கட்டிவைத்துப் பேசியிருக்கிறாள். நெட் கம்பி மெயின் ரோட்டு வளைவு வரைக்கும்தான் வந்திருக்கிறது. பஜார் சுவரெல்லாம் மலிவு பிளான் விளம்பரம்தான். மாதக் கட்டணத்தை எங்களால் கட்ட முடியும். ஆனால் வளைவுக்குக் கீழே இருப்பது ஏழே வீடுகள். அவற்றுக்காகக் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது, வேண்டுமானால் நீங்களே நட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். ஏழைக்கான கட்டணம் இங்கே சுவருக்குள் வருகிறது. அங்கே ரோட்டு வளைவோடு நின்றுவிடுகிறது. மிச்சத் தூரத்தைப் பிள்ளைகள் நடக்கிறார்கள். ஏழு வீட்டின் பேரிலும் மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். எஸ்டேட் ஆபீசில் எத்தனையோ மனு எழுதிய கைதான், சொந்த வீட்டுக்காக எழுதியது இதுவே முதல்முறை.

என்னைப்போல் வெளிநாட்டில் இருந்துகொண்டு தினமும் முகம் காட்டச் சொல்லும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை எங்கே உட்கார்ந்து பேசுகிறாள் என்று ஒருமுறை கேளுங்கள்.

இப்போது குரல் மட்டும்தான். சமையலறை ஜன்னலோரம் நின்றால் அப்பாவின் போனில் பாதிச் சொற்கள் வரும். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். கூடத்துச் சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டவர் கிடைக்கிற பஜாருக்குப் போன நாளில் அருள் அனுப்பினார். ஓர் ஆணி. அதன் கீழே, காலண்டர் இருந்த அளவுக்குச் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு கட்டம். பன்னிரண்டரை மணிக்கு ஜீனின் பச்சை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அந்த ஆணியைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன்.