மொய்யாக வந்த கூலி

என் அக்காளுக்குப் பொன்னுத்தங்கம் என்று பேர் வைத்தார்கள். பொன்னையோ தங்கத்தையோ அவள் காதிலும் கழுத்திலும் நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கூலி பாக்கி வைத்த முதலாளிக்கு நல்லசிவம் என்று பேர். பேர் வைக்கிறவர்களுக்கு என்ன, வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்குக் கிழக்கே. மழை பெய்தால் பருத்திக்காடு, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். நாற்காலி மேசையெல்லாம் முதலாளிக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தரை. தன் மூத்த மகள் முருகம்மாள் கைப்பிள்ளையாக இருந்தபோது அக்கா நல்லசிவத்தின் ஆபீஸில் கட்டை அடுக்கப் போனாள். மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசை பிடித்து அடுக்குகிற வேலை அது. அப்புறம்தான் அதை மருந்தில் முக்குவார்கள். அந்த மகள் கல்யாண வயதுக்கு வரும்வரை அக்கா அங்கேயேதான் குனிந்து கிடந்தாள். நிமிர்ந்து நடக்கிறபோதும் அவள் முதுகில் கொஞ்சம் கூனல் மிச்சமிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அறுபத்திரண்டாம் வருஷம் கார்த்திகைக்கு அப்புறம் அது நின்றுபோனது. "கல்கத்தா போன லோடுக்குப் பணம் வரலை. வந்ததும் சேத்து வாங்கிக்கிடுங்க" என்றார் நல்லசிவம். நம்பினார்கள். நம்பாமல் எங்கே போவது? மாசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அக்காளுக்கு வரவேண்டியது ஐம்பத்தெட்டு ரூபாய்.

சித்திரையில் அதே மனிதர் ஊருக்கு மேற்கே, மச்சினன் பேரில் லைசென்ஸ் வாங்கிப் பட்டாசு ஆபீஸ் திறந்தார். பழைய பாக்கியைப் பற்றி வாயைத் திறக்காதவர்களுக்கு அங்கே வேலை உண்டு என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அக்கா மட்டும் போகவில்லை. வேறு ஒரு கம்பெனியில் அட்டையும் காகிதமும் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள்.

முருகம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஜோடிக் கம்மல் கேட்டார்கள். அக்கா அந்த ஐம்பத்தெட்டு ரூபாயை மனதில் வைத்துத்தான் சரி என்று தலையாட்டினாள். அதனால் சனிக்கிழமை தவறாமல் நல்லசிவத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரிப்பார்.

"இல்லைன்னு சொன்னேனா பொன்னு? ஒன் கூலியை வச்சு நான் மச்சு வீடா கட்டப்போறேன்? போயிட்டு அடுத்த வாரம் வா."

திட்டுகிற ஆளைத் திருப்பித் திட்டலாம். சிரிக்கிற ஆளை என்ன செய்வது? ஆடி பிறந்ததும் அக்காளுக்குப் பொறுமை தீர்ந்துபோனது. பஸ் ஏறி விருதுநகர் போய், மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி, லேபர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். புரட்டாசியில் விசாரணை என்று இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. அவள் புருஷன் சங்கிலிமுத்து மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை. "மொதலாளி மேலயே பெட்டிசனா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்.

அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. கம்மலை வட்டிக்கு வாங்கித்தான் போட்டோம்.

கல்யாணத்தன்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நல்லசிவம் எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். எங்கிருந்தோ ஒரு நாற்காலி ஓடி வந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும், அதனால் ஒரு கலர் சோடா பாட்டிலை உடைத்துக் கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டு எழுந்து மொய் எழுதுகிற இடத்துக்குப் போனார்.

எங்கள் தெருவில் மொய் என்றால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். தாய்மாமன் ஐந்து போட்டால் அதையே ஒரு மாசம் பேசுவோம். மைக்கில் சத்தம் வந்தது: "மொதலாளி நல்லசிவம் அவர்கள், மொய் ரூபாய் ஐம்பத்தி ஒண்ணு!" மைக்செட்காரன் சந்தோஷத்தில் அதை இன்னொரு தடவையும் சொன்னான். பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார்கள். மாமா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

அக்கா சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் நின்றாள். என் காதில் சொன்னாள்.

"இது எங்கூலிடி. அதுலயும் ஏழு ரூவாயை அமுக்கிட்டான்."

புரட்டாசியில் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். நல்லசிவம் அதிகாரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, "கூலியைக் கொடுத்தாச்சுங்கய்யா. ஊரே சாட்சி, மைக்குல சொல்லிக் கொடுத்தேன். வேணும்னா அந்தப் புள்ளையையே கேளுங்க" என்றார். அதிகாரி அக்காளைப் பார்த்து, பணம் வந்ததா இல்லையா என்று கேட்டார். வந்த பணத்தை வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வராது. "வந்துச்சுங்க. ஏழு ரூவா கொறையா" என்றாள். நல்லசிவம் சட்டைப்பையிலிருந்து ஏழு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். மனு முடிந்தது. அக்கா தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. "எப்படியோ வந்துருச்சு. மொய்யின்னா திருப்பிச் செய்யணுமேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கூலின்னு அவர் வாயாலயே சொல்லிட்டார்ல" என்றாள். சாத்தூரில் இறங்கி எனக்குச் சேவு வாங்கித் தந்தாள். அந்த ஏழு ரூபாயை முந்தானையில் முடிந்திருந்தாள். கூலி என்று பேர் சொல்லி அவள் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

மறு வருஷம் வைகாசியில் நல்லசிவத்தின் மகனுக்குக் கல்யாணம். அக்கா வீட்டுக்கும் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வந்தது. கொண்டு வந்த ஆள் வாசலில் நின்றபடியே, "மொதலாளி செஞ்சதை மறந்துராதீக" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செய்த மொய்யைத் திருப்பிச் செய்யாதவனுக்கு எங்கள் பக்கம் மரியாதை கிடையாது. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்து அவன் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். மாமா அன்றைக்கே ஆரம்பித்தார்.

"எம்புட்டுப் பெரிய மனுசன், நம்ம வீடு தேடி வந்து செஞ்சாரு. தலைகுனிய வச்சிராத."

"என்னத்தைச் செஞ்சாரு? விருதுநகர்ல அதிகாரி முன்னால கூலின்னு சொன்னாரா இல்லையா? எங்கூலியை நான் எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்?"

"அது விருதுநகரு. இது ஊரு" என்றார் மாமா.

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? அக்கா பேச்சை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணத்தன்று நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். அவள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள், நான் காகிதத்தில் பசை தடவிக் கொடுத்தேன். புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்று மொய் வாசிக்க ஆரம்பித்தார்கள். யார் யாரோ பேர் வந்தது. நடுவில், "சங்கிலிமுத்து! பழைய மொய் ஐம்பத்தி ஒண்ணு, புது மொய் அஞ்சு!"

அக்கா ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

மாமா வெற்றிலை போட்ட வாயோடு வந்து சேர்ந்தார். சந்தன வாசனை.

"ஏது ரூவா?" என்று கேட்டாள் அக்கா.

"எல்லாம் ஒன் பெட்டிக் கம்பெனியிலதான். கணக்கப்பிள்ளைகிட்ட முன்பணம் கேட்டேன், கொடுத்துட்டாரு. வாரா வாரம் ஒன் கூலியில பிடிச்சுக்கிடுவாரு. ஆறேழு மாசத்துல கழிஞ்சிரும்."

எனக்கு மாமாவை அறைந்துவிடலாம் போல் இருந்தது. கட்டை அடுக்கி ஒடிந்த முதுகுக்கு வந்த கூலியை, இனிமேல் பெட்டி ஒட்டி ஒடியப்போகிற முதுகை அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் தன் பேரில். அவள் பேர் மைக்கில்கூட வரவில்லை.

அக்கா கத்தவில்லை. கையிலிருந்த பசையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். மாமா, "எங்க போற? ஏ புள்ள, எங்க போற?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தவர் தெருமுனையில் நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

நல்லசிவம் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் ராஜபாளையத்துக்காரர்கள், பக்கத்திலேயே நின்றார்கள். அக்காளைப் பார்த்ததும் நல்லசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"வா பொன்னு, வா. இப்பத்தான் சங்கிலிமுத்து வந்துட்டுப் போனான். பந்தி முடியட்டும், பின்னால எல போடச் சொல்றேன்."

"சாப்பிட வரலை மொதலாளி" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "விருதுநகர்ல அதைக் கூலின்னு சொன்னீக. இங்கன மொய்யின்னு திருப்பி வாங்கிட்டீக. சரி, மொய்யாவே இருக்கட்டும். மொய் கழிஞ்சுபோச்சு. அப்பக் கூலி அப்படியே நிக்குதுல்ல? ஏழு போக ஐம்பத்தி ஒண்ணு. சனிக்கிழமை வாறேன்."

சம்பந்தி, "என்ன கூலி?" என்று நல்லசிவத்தைக் கேட்டார். "நம்மகிட்ட வேலை பாத்த புள்ள, விளையாட்டுக்குப் பேசுது" என்று நல்லசிவம் சிரித்தார். அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. பட்டாசு ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த பெண்கள் நாலைந்து பேர் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை அக்கா போனாள். வாசல் கேட் சாத்தியிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள். அவர் சாகும்வரை போனாள்.

பல வருஷம் கழித்து அவளுடைய மகன் கல்யாணத்தில், ஊரில் உள்ள பெண்கள் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். முதலாளியை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டவளாம். காசு போனால் என்ன, கேட்டுவிட்டாளே, அது போதுமாம். அப்படிச் சொன்ன ஒருத்தியை நான் அன்றைக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். போதும் என்று சொல்ல இவள் யார்? என் அக்காள் மானத்தைத் தேடி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. ஐம்பத்தோரு ரூபாய்க்குத்தான் நின்றாள். அது வரவே இல்லை.