நெட்டைக்கால் கோழிகள்

இஸ்திரிக்கார அக்காவின் வீட்டிலிருந்து மொட்டைமாடிக்கு முப்பத்தெட்டுப் படி. போன வருடம் வரை ஒரே மூச்சில் ஏறியவள், இப்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து போகிறாள். கடைசி வளைவில் அவள் இளைப்பது கேட்டதும் மேலே சேவல் கூவத் தொடங்கிவிடும். "வரேண்டா, வரேன். பறக்கத் தெரிஞ்சவன் மாதிரி அவசரப்படாத," என்று அதை வைதுகொண்டே மிச்சப் படிகளை ஏறுவாள்.

அவள் வளர்ப்பது குட்டைக்கோழி, அழகுக்கு வளர்ப்பது. இரண்டு கையில் அடங்கிவிடும். கால் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். வால் மட்டும் தலைக்கு மேலே கொடி மாதிரி நிற்கும். பகலெல்லாம் சலவைக் கடையில் பிறத்தியார் சட்டைக்கு மடிப்பு வைத்துவிட்டு, சாயங்காலம் இதுகளுக்குக் கூண்டு கழுவி, தண்ணீர் மாற்றி, இறகில் பேன் பார்த்து இருபது வருடம் ஓட்டிவிட்டாள். கோழிக் கண்காட்சியில் ஜெயித்து வாங்கிய கோப்பைகளில்தான் தீவனம் அளக்கிறாள்.

"இறகுத் தூசி போய்ப் போய் நுரையீரல் இறுகிட்டு வருதும்மா. கோழியா, மூச்சா? நீங்களே சொல்லுங்க," என்றார் டாக்டர். இதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கிறது.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் பாத்துக்கறேன்னு சொல்லிடுவேன். அதுங்க மேல இருந்தா நீ ஏறாம இருப்பியா?" இருக்க மாட்டாள். அதனால் எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கே கொடுத்துவிடுவதென்று முடிவானது. ஆறு வருடமாக வருடம் தவறாமல் அவளிடம் ஜோடி வாங்குகிறவர். கோழி விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவர் இரண்டு கூடையோடு வந்தார். பதினொரு குட்டைக்காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, வாலை நீவி, கூடையில் வைத்தார். ஓரக்கூண்டில் ஏழு நெட்டைக்கால் நின்றன. அதே முட்டை, அதே தாய், ஆனால் கால் மட்டும் சாதாரணக் கோழிக்கால். கண்காட்சி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அதுங்க எதுக்குக்கா? நீங்கதானே சொல்வீங்க, கழிசடைன்னு," என்று சிரித்தார்.

சொன்னவள் அவள்தான். ஆறு வருடமும் வாய் கூசாமல் சொன்னாள். ஆனால் அவளுடைய தொழில் ரகசியமே அந்தக் கழிசடைகள்தான். குட்டையோடு குட்டையைச் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். மிதிக்கும்போது கால் எட்டாத சேவலால் பாதி முட்டை கூமுட்டையாகும். குட்டையோடு நெட்டையைச் சேர்த்தால் ஒன்றும் சாகாது, பொரிப்பதில் பாதி குட்டையாகவே வரும். ஆரம்ப காலத்தில் ஒருத்தனுக்கு இரண்டு வகையும் கொடுக்கப்போய், அடுத்த வருடமே அவன் அவளுடைய கோழியின் குஞ்சை வைத்து அவளையே தோற்கடித்தான். அந்த வயிற்றெரிச்சலில் அன்றோடு நெட்டைக்காலை வெளியே விடுவதை நிறுத்தினாள். வாங்குகிறவர்கள் குட்டையாகவே ஜோடி கட்டுவார்கள், குஞ்சு தங்காது, திரும்ப அவளிடமே வருவார்கள். ஊர் வாயில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர்.

இன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் நாலைந்து வருடத்தில் இந்த வம்சமே அற்றுப்போகும். வாயைத் திறந்தால் இவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை. கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த ஏழையும் எடுத்துக்கோங்க. அது இல்லாம இது நிக்காது," என்று தொடங்கியவள் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னாள். நடுவில் இருமல் வந்து பேச்சு நின்றது. இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். "தெரிஞ்சேதான் உங்களுக்குக் குட்டையாவே குடுத்தேன். தெரியாம இல்ல."

இருமல் கேட்டுத் தண்ணீர்ச் செம்போடு வந்த கணவர் அப்படியே நின்றார். அவருக்கும் இது இப்போதுதான் தெரியும்.

கடைக்காரர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் கூடையின் மூடியைத் திறந்து, சேவலைத் தூக்கிப் பழையபடி அதன் கூண்டில் விட்டார். அப்புறம் ஒரு பெட்டை, இன்னொரு பெட்டை. பதினொன்றும் உள்ளே போயின.

"வேண்டாமா?" என்றாள்.

"வேணும்க்கா. பதினெட்டும் வேணும்." கையைச் சட்டையில் துடைத்தார். "மொத வருஷம் முட்டை கெட்டுப்போனதுமே எங்க வீட்டுக்காரி மேலதான் பாஞ்சேன். உன் கைராசி சரியில்ல, முட்டையைத் தொடாதேன்னேன். ஆறு வருஷமா அவ கூண்டுப் பக்கமே வர்றதில்ல. போன மாசம் என் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்துச்சு. எல்லாரும் வாங்கித் தூக்குறாங்க, இவ மட்டும் கையைப் பின்னால கட்டிட்டு நிக்கறா. கேட்டா, என் கை வேண்டாம்ங்கிறா."

காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தார்.

"நான் போய்ச் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பா. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன். எங்கிட்ட சொன்ன மாதிரியே அவகிட்டயும் சொல்லுங்க. அப்புறம் கோழியை எடுத்துக்கறேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கூட்டிட்டு வாங்க," என்றாள்.