மினுங்கக் கூடாத மோட்டார்

தேய்த்துப் பளபளப்பாக்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். பளபளத்துவிடாமல் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்கியவன் எனக்குத் தெரிந்து சித்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். மினுங்காத மேட் ஃபினிஷ் பைக் வாங்கிவிட்டு, யாராவது துணியோடு பக்கத்தில் வந்தாலே பதறி ஓடும் அன்பர்களே, உங்களுக்கு முன்பே அந்தக் கஷ்டத்தைப் பட்டவன் பேசுகிறேன்.

அதற்கு முன் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் ஸ்டீல் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. உடனே பெங்களூரிலிருந்து மச்சான் போன் போடுவான். அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, வந்துவிடு என்பான். போகிற வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒரு வாரம்கூட என்னால் இருக்க முடியாது என்பதும் நிஜம்.

அப்போதுதான் குவைத்திலிருந்து திரும்பிய எங்கள் ஊர் முருகேசண்ணன், புத்தலப்பட்டு பக்கம் ஓர் ஏரியில் படகு சவாரி ஆரம்பித்தார். படகின் பின்னால் தொங்கும் மோட்டார் அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அதன் மேல்மூடி மேட் ஃபினிஷ் கறுப்பு; எவ்வளவு வெயில் பட்டாலும் கரும்பலகை மாதிரி மினுங்காமல் இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், துணியால் ஒற்றலாம். தேய்க்கக் கூடாது, எண்ணெய் படக் கூடாது. ஒரு தடவை மினுங்கிவிட்டால் அந்த இடம் பழையபடி ஆகவே ஆகாது. மூடியின் ஒரு பக்கம் அண்ணன் பெரிய நாமம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அதைத் தொடவே கூடாது என்பது தனி உத்தரவு. வருஷம் முழுக்க வேலை என்று என்னைச் சேர்த்துக்கொண்டவர் முதல் நாளே சொன்னார்: "குவைத்துல ஷேக்கு படகையே பாத்துக்கினவன் நானு. இந்த மூடில ஒரு மினுக்கு தெரிஞ்சுது, நீ அப்டியே பெங்களூரு பஸ் ஏறிக்க."

புதுசா, பழசா

மோட்டாருக்குப் பூஜை போட, திருப்பதியிலிருந்து ஓர் ஐயங்கார் சுவாமி வந்தார். சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் கையோடு கொண்டுவந்திருந்தார். சக்கரமே இல்லை என்றதும் கொஞ்சம் யோசித்து, அடியில் சுழலும் விசிறியில் ஒரு பழத்தைக் கட்டச் சொன்னார். படகு அப்போது கரையில்தான் இருந்தது. படகோட்டி சீனு மோட்டாரைக் கிளப்பியதும் பழம் சின்னாபின்னமாகி, பாதி அவர் பஞ்சகச்சத்தின் மேல் வந்து விழுந்தது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மூடியைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "புதுசுன்னு சொன்னேளே, வெயில்ல கெடந்து வெளுத்த மாதிரின்னா இருக்கு. எதுக்கும் பழைய வண்டிக்குச் சொல்றதையே சொல்லிடட்டுமா?"

நெய்க் கை

திருமலையில் தரிசனம் முடித்து வேலூர் பக்கம் திரும்பும் கார்கள் எங்கள் ஏரியோரம் நிற்கும். எல்லார் கையிலும் லட்டு. அந்த நெய் மேட் ஃபினிஷில் ஊறிவிட்டால் ஐந்து விரலும் ரேகையோடு தெரியும். அதனால் படகில் ஏறும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். நெற்றி நிறைய நாமத்தோடு வந்த ஒருவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பெருமாள் பிரசாதம் துன்ன கைய சோப்பு போட்டு கழுவச் சொல்றியே, நீ இந்தப் பக்கத்து ஆளுதானா?"

சந்தன மொட்டை

விஜயபுரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம், பெரியவர் சின்னவர் எல்லாரும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார்கள். சீனு சாப்பிடப் போயிருந்தான். கட்டியிருந்த படகில் ஏறி உட்கார்ந்த குடும்பத் தலைவர், மோட்டார் மூடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்பிப் பார்த்தால் மூடியில் சந்தனத்தில் முழு மொட்டை வட்டம்.

ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. தேய்க்கத் துடித்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். அவர் என்னை நிஜமான இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "என் தலையே இன்னா பளபளன்னு கீது பாரு. உன் மிஷினுக்கு மட்டும் இன்னா நோவு?"

தண்ணீர் இல்லாத மாதங்கள்

ஒரு கோடையில் ஏரி வற்றி, நடுவில் மாடு மேய்ந்தது. நான் தினமும் வந்து, கொட்டகையில் போர்வை போர்த்தி வைத்திருந்த மோட்டாரைத் திறந்து தூசு ஊதிவிட்டு மறுபடி போர்த்திவிட்டுப் போவேன். சீனு கரையில் உட்கார்ந்து யோசித்துச் சொன்னான்: "தண்ணி இல்லாத ஏரிக்கு ஒரு மோட்டாரு, மினுக்கு இல்லாத மோட்டாருக்கு ஒரு நீயி, வேலையே இல்லாத நமக்கு ஒரு மொதலாளி. எல்லாம் கரெக்டாதான் சேந்துகீது."

கட்டைவிரல் செய்த வேலை

மழை பெய்து ஏரி நிறைந்து, ஆயுத பூஜையும் வந்தது. அண்ணன் சாமான் வாங்கச் சென்னை போயிருந்தார். நான் பூ வாங்கிவருவதற்குள் சீனு மூடியின் நடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டான். மறுநாள் ஈரத்துணிக்குச் சந்தனம் போயிற்று, குங்குமச் சிவப்பு போகவில்லை. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அண்டா தேய்த்துப் பழகிய கட்டைவிரல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நிறுத்தியபோது கறுப்பு மூடியின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். அதில் என் மூக்கு தெரிந்தது.

அண்ணன் மறுநாள் வருகிறார். பெங்களூர் அபார்ட்மெண்ட் கேட்டும் வாட்ச்மேன் யூனிஃபார்மும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, சீனு குங்குமக் கிண்ணத்தை எடுத்துவந்து அதே இடத்தில் மறுபடி வைத்தான். "பொட்டு அளவுதான கீது? பொட்டே இருந்துட்டு போவட்டும். திருப்பதி பக்கத்துல கீற ஊர்ல சாமி பொட்டை அழின்னு எவன் சொல்வான்?"

பெயர் இல்லாத அம்மன்

அண்ணன் வந்தார், பொட்டைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் என் முதல் வேலை பொட்டு வைப்பது. ஒரு வாரத்தில் யாரோ பூச் சுற்றினார்கள். இன்னொரு வாரத்தில் படகில் ஏறுகிறவர்கள் மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நெய்க் கையோடுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சித்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கற்பூரமே கொண்டுவந்துவிட்டார். "இந்த அம்மா பேரு இன்னாப்பா? வேண்டிக்கினா படகு கவுறாதுன்னு பஸ்ஸுல பேசிக்கினாங்க."

ஷேக்கின் மோட்டார்

தை மாதத்தில் ஒரு நாள் பஸ் கிடைக்காமல் தாமதமாகப் போனேன். படகில் முருகேசண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். கையில் ஈரத்துணி. மூடியில் பொட்டு இல்லை. வட்டம் வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது. மச்சானுக்கு என்ன சொல்லிப் போன் போடுவது என்றுதான் முதலில் தோன்றியது.

அண்ணன் என்னைப் பார்க்காமல் தன் கட்டைவிரலை அந்த வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு சீனு தூரத்தில் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த நாமம் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்ல உரித்தார். அடியில் தட்டு அகலத்துக்கு மூடி கண்ணாடியாக மினுங்கியது. "தேங்காண்ணெ போட்டு தேச்சேன். ஷேக்கு சந்தோசப்படுவான்னு பாத்தா, கெடுத்த மோட்டாரை நீயே தூக்கினு உங்கூருக்குப் போன்னுட்டான். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. நீ போய் குங்குமம் எடுத்துனு வா, ஜனம் வர நேரமாச்சு."

மேட் ஃபினிஷைக் காப்பாற்றுவது பெரிய வித்தையே இல்லை, தேய்த்த இடத்தை மறைக்க ஒரு சாமியும், உங்களுக்கு முன்பே தேய்த்துவிட்டு வந்த ஒரு முதலாளியும் கிடைத்தால் போதும்.