புளியமரத்தடியில் நான் வைத்த கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் நான் பாப்பாரப்பட்டிப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். தலைமையாசிரியர் ஒரு தடித்த புத்தகத்தை இரவல் தந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில ஓவியரின் வாழ்க்கை. லாடம் அடிப்பவரின் மகன். கடைப் பலகைக்கு வண்ணம் பூசிக் கை பழகியவர். கப்பலேறி வந்து, கம்பெனிப் படையின் பின்னாலேயே எங்கள் சீமையைச் சுற்றி, மலைகளைப் பென்சிலில் வரைந்துகொண்டு போனார். லண்டன் திரும்பி அவற்றையே எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக்கிப் பிரபுக்களுக்கு விற்றுப் பெரிய மனிதரானார். படத்தின் முன்புறம் வெறிச்சென்று இருந்தால், வேறெங்கோ பார்த்த பாறையையோ மாட்டையோ கொண்டுவந்து வைத்துவிடுவாராம். படித்ததும் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அதில் ஒரு படம் இண்டூர்ப் பக்கம். எங்கள் ஊர் மலை, கீழே இன்னும் நிற்கிற ஒரு புளியமரம். அதைப் பெரிய தாளில் பார்த்து வரைந்தேன். மரத்தடி வெறிச்சென்று இருந்தது. என் கை சும்மா இருக்குமா? எங்கள் பங்காளிகளின் குலசாமியான வேடியப்பன் கல்லை அங்கே வைத்தேன். புலியைக் குத்திச் செத்த முன்னோருக்கு நட்ட கல் அது. என் தாத்தா காலத்திலேயே அது காணாமல் போய்விட, பொங்கலுக்கு மறுநாள் வெறும் செங்கல்லைத்தான் கும்பிட்டு வந்தோம். படத்தைப் பெரியப்பா வீட்டுச் சுவரில் மாட்டி, "கம்பெனி காலத்துல தொர வரைஞ்சதுங்க" என்று மட்டும் சொன்னேன். பெருமைதான், வேறென்ன.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனால், புளியமரத்தடியில் இடுப்பளவு குழி. துரை பார்த்த இடத்தில்தான் கல் புதைந்திருக்கும் என்று பெரியப்பா ஆள் வைத்துத் தோண்டியிருக்கிறார். கல் இல்லை. மரம் நின்றதோ பெரியப்பா மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வீட்டு நிலத்தில். "எங்க கொலசாமியப் பேத்து ஒங்க கெணத்துக்குப் படிக்கல்லாப் போட்டுக்கிட்டீங்களா?" என்று சம்பந்தியை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். நிச்சயத் தட்டு அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பெரியப்பா முன்னால் விரித்தேன்.

"அந்தக் கல்ல நான்தாங்க பெரியப்பா போட்டேன். பாருங்க, அசல் படத்துல மரம் மட்டுந்தான் இருக்குது."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"தொர கண்ணால பாக்காம வரைவானா? தங்கச்சி கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நீ பொய் சொல்ற. இந்தப் புஸ்தகத்துல அழிச்சுட்டாங்க, அவ்வளவுதான்."

சத்தியம் செய்தேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் அதுதான் பெரியது. அதை நம்ப அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

கதவோரம் நின்றிருந்த தங்கை கேட்டாள்: "நீ போட்டதுதானாண்ணா?"

தலையாட்டினேன்.

"எதுக்குண்ணா?"

"மரத்தடி வெறிச்சுனு இருந்துச்சும்மா" என்றேன்.