வேங்கைக் கதவில் ஆறடிக் கண்

என் டிரில் மிஷின் மேல் ஆணை, என் பத்து விரல் மேல் ஆணை (பத்தும் இன்னும் இருக்கின்றன, இந்தத் தொழிலில் அதுவே பெரிய சாட்சி), சொல்லப்போவது அத்தனையும் சத்தியம்! கதவில் துளை போட்டுப் பிழைக்கும் என் சக பாவிகளுக்குத் தெரியும்: தப்பாகப் போட்ட ஓட்டையைக் கழற்றிச் சரியான இடத்தில் மாட்ட முடியாது.

சுற்றியது யார்?

பாரிவாக்கத்தில் கமலா அம்மாவின் புது வீடு. வாசல் கதவு வேங்கை மரம், இரும்புக்கு அண்ணன். பூட்டுக்குத் துளை போடும்போது பாதியில் பிட் சிக்கிக்கொண்டது. பிட் நின்றது, நான் நிற்கவில்லை. மிஷினைப் பிடித்தபடியே சுற்றி, நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கூட்டாளி தாஸ், ஆறடி ஆள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேட்டான்: “இன்னா நைனா, ஓட்டை மரத்துக்கா, உனுக்கா?”

டீ குடித்த நேரத்தில்

வெளியே நிற்பவரைப் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு துளை பாக்கி. மறுநாள் காலை கிரகப்பிரவேசம். நான் டீ குடித்து வருவதற்குள் தாஸ் தன் கண்ணுக்கு நேராகப் போட்டுவிட்டான். கமலா அம்மா எகிறிக் குதித்தாலும் எட்டாது. அவர் வீட்டுக்காரரோ பூனையைப் பார்த்தால் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர். வாசல் கதவில் தப்பான பொத்தல், அதுவும் கிரகப்பிரவேசத்தில் அபசகுனம் என்று தெரிந்தால் கதவும் போகும், நாங்களும் போவோம். தாஸ் அசையவில்லை. “அந்தம்மாவுக்கு ஒரு ஸ்டூல் அட்ச்சுக் குட்த்துட்லாம் நைனா!”

மஞ்சள் தட்டு

அதே வேங்கையின் மிச்சத் துண்டில் முளை சீவி, ரேகையோடு ரேகை சேர, பசை தடவி அந்த ஓட்டையில் அடித்து இறக்கி, மேலே பாலீஷும் போட்டேன். சரியான உயரத்தில் புதுத் துளை. இந்தத் தரம் பின்னால் கட்டை கொடுத்து, முதலில் சின்ன பிட், பிறகுதான் பெரியது. காலையில் வந்து பார்த்தால், பசை பட்ட இடத்தில் பாலீஷ் பிடிக்காமல் முளை மட்டும் முழு நிலா மாதிரி தெரிகிறது!

வீட்டுக்காரர் வாசலை நோக்கி வருகிறார். என் நெஞ்சு அடித்த அடியில் கதவே ஆடியது. அதற்குள் கமலா அம்மா மஞ்சள் தட்டோடு வந்து, தாஸ் நிஜமாகவே அடித்து வைத்திருந்த ஸ்டூலில் ஏறி, அந்த நிலாவின் மேலேயே மஞ்சளை அப்பிக் குங்குமமும் வைத்தார். இறங்கும்போது என் காதோரம் சொன்னார்: “நேத்தே பாத்துட்டேன் மேஸ்திரி. எங்க ஊட்டுக்காரர் காதுல உய்ந்துச்சுன்னா அவ்ளோதான். வாயத் தொறக்காத!”

கதவிலிருந்த ஓட்டையை அடைத்த எனக்கு என் வாயை மட்டும் அடைக்கத் தெரியவில்லை, ஆகவே இதை யார் சொன்னது என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.