கண்ணாடிக்கார அண்ணன்

அவளுக்கு நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டுக் குறை சொல்லி வருகிறவர்களையும் சமாளிக்க வேண்டும். முதலாளி கல்லாவை விட்டு அசையமாட்டார். அதனால் ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவளுக்கு அத்துப்படி. யாருக்கு ஒரு காது இறங்கியிருக்கிறது, யார் கண்ணாடிமேல் உட்கார்ந்து நொறுக்கிவிட்டுத் தானாக உடைந்தது என்று சாதிப்பார் என்பதெல்லாம் கைவிரல் நுனியில்.

கணவன் குடிநீர் நிலையத்தில் மோட்டார் பார்க்கிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்ததால் வீட்டில் இரண்டே பேர். தினமும் சாப்பிட உட்காரும்போது கடையில் நடந்ததை அவள் சொல்லுவாள். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். கேட்கிறானா இல்லையா என்றே தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை. ஒன்றரை வருடமாக அந்த நாளில் காலை ஏழு மணி பாசஞ்சரைப் பிடித்துப் போய்விடுகிறான். எங்கே என்றால், சும்மா ஒரு சுற்று என்பான். ஒருமுறை தானும் வருவதாகச் சொன்னாள். உனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கிடையாதே என்றான். உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன வேகம் அவளுக்குச் சுருக்கென்றது. அதைவிட, சாயங்காலம் திரும்பி வரும்போது அவன் முகத்தில் இருந்த தெளிச்சி. குளியலறையில் சீட்டியடித்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனுக்குச் சீட்டியடிக்க வரும் என்பதே அவளுக்குத் தெரியாது.

கடையில் கண் பரிசோதிக்கிற பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஒரு ஆம்பள தனியா ரயிலேறிப் போய், சிரிச்ச முகமா திரும்பி வர்றார்னா, சும்மாவா அக்கா?"

அந்த வாரம் இரண்டு லென்ஸ் அவள் கையில் விளிம்பு உடைந்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இரண்டு ரயில் சீட்டுகள் கிடைத்தன. போனது ஐந்தாவது ஸ்டேஷனுக்கு. திரும்பி ஏறியது அதற்கு அடுத்த ஸ்டேஷனில். வியாழக்கிழமை அவன் வேலைக்குக் கிளம்பியதும் தலைவலி என்று கடைக்குச் சொல்லிவிட்டு அவளும் ரயிலேறினாள்.

தனியாக ரயிலில் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல்கள், செங்கல் சூளை, குளத்தில் முங்கிக் கிடந்த எருமைகள் எல்லாம் வந்து போயின. எதையும் ரசிக்க முடியவில்லை. இந்தக் காற்றை இத்தனை நாளாக இவன் ஒருத்தனே வாங்கிக்கொண்டிருந்தானே என்று வயிறு எரிந்தது.

ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கினாள். அந்த ஊரில் மொத்தமே ஒரு தெரு. உரக்கடை, தையல்கடை, பள்ளிக்கூடத்துச் சுவர், தபால் நிலையம். எதிர்ப்பட்ட பெண்களையெல்லாம் எடைபோட்டாள். தையல்காரி ரொம்பச் சின்னவள், மகள் வயது. மாடியில் துணி உலர்த்தியவள் ரொம்ப அழுக்கு. தபால் நிலையத்தில் இருந்தவள்தான் மனதில் இடித்தாள். நல்ல பல்வரிசை, நிதானமான குரல். தேவையே இல்லாமல் இரண்டு தபால்தலை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த அம்மாவின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்திவிடக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இவ்வளவு கோணலாகக் கண்ணாடி போடுகிறவளாக இருக்காது என்று கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த ஊருக்கு நடந்தே போய்விட்டாள். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. நடத்துகிறவள் பருமனான பெண், தன்னைவிட நாலைந்து வயது சின்னவள்போலத் தெரிந்தாள். பெஞ்சில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். இவள் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

புதிதாக வந்திருந்த ஒருவருக்காக, அந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லும்படி சைக்கிள் கடைக்காரர் கேட்டார். டீக்கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஒரு வாத்தியார் புதுக் கண்ணாடி வாங்கிப்போனாராம். மறுநாளே வந்து எழுத்தெல்லாம் புழுவாக நெளிகிறது என்றாராம். சரிபார்த்துக் கொடுத்தால் மறுபடி வந்தார். மூன்றாவது தடவைதான் விஷயம் தெரிந்தது. அவர் போட்டிருந்தது பெண்டாட்டியுடைய கண்ணாடி. அந்த அம்மா ஒரு வாரமாக இவருடையதைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "முப்பது வருஷத்துல இப்பதான் வீடு சுத்தமா தெரியுது, அதைக் கெடுப்பானேன்"னு சொன்னாளாம்.

பெஞ்சு குலுங்கியது. இவள் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்த வாத்தியார் இவள் கடைக்கு வந்த வாத்தியார். போன மழைக்காலத்தில் நடந்தது. அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னபோது ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளு என்றுதான் அவன் சொன்னான்.

யார் சொன்ன கதை என்று டீக்கடைக்காரியிடம் கேட்டாள்.

"எங்க கண்ணாடிக்கார அண்ணன். டவுன்ல கண்ணாடிக் கடையில இருக்கார். செவ்வாக்கிழமை வருவார். அவர் வந்தாப் போதும், நாங்க கடைய மூடவே மறந்துடுவோம். அந்த வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டுவார் அக்கா, நான் சொல்றதெல்லாம் அதுல பாதிகூட இல்ல."

இன்னும் நாலு கதை சொன்னாள். நாலும் இவளுடையவை. பெண் விவகாரமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கு ஒரு சிரிப்புக்கூடத் தராதவன் தன் சரக்கை எடுத்துக்கொண்டு வந்து யார் யாரையோ சிரிக்க வைத்திருக்கிறான்.

நீங்கள் என்ன வேலை என்று டீக்கடைக்காரி கேட்டாள். இவளுக்கு என்ன தோன்றியதோ, குடிநீர் நிலையத்தில் மோட்டார் பார்க்கிறேன் என்றாள். அப்படியா, அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று எல்லோரும் ஆவலாகத் திரும்பினார்கள். இவள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றுமே இல்லை. அவன் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. ரயில் வருகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடிக்கார அண்ணனுக்கு வணக்கம்" என்றாள்.

அவன் முகம் செத்துப்போயிற்று. மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பேசினான்.

"உன் கடைக்கு நாள் முழுக்க ஆளுங்க வர்றாங்க. எனக்கு எட்டு மணி நேரமும் மோட்டார் சத்தந்தான். நீ சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையா இருக்கும். எங்கிட்ட திருப்பிச் சொல்ல என்ன இருக்கு?"

"அதுக்காக என் வாயையே திருடுவீங்களா?"

அவன் மறுபடி சட்டையை எடுத்து மடித்தான். பொறாமை என்று அவன் சொன்னது அவளுக்குப் புதிது. ஆனால் மனம் இரங்கிவிடவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கடைப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்கு அவன் வழக்கம்போலப் போனான். மத்தியான ரயிலுக்கே திரும்பிவிட்டான். அதற்கடுத்த தடவை போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து குழாய்க்கு வாஷர் மாற்றினான்.

அவள் முதலாளியிடம் பேசி மாதம் ஒரு புதன்கிழமை லீவு வாங்கினாள். எதிர்த்திசையில் போகிற ரயிலில் ஏறி, பிடித்த ஊரில் இறங்கி, யாராவது கேட்டால் கண்ணாடிக் கடை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். கதையும் சொன்னாள். சிரித்தார்கள். ஆனாலும் வாத்தியார் குரலில் பேச அவளுக்கு வரவில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, அதைப் பேசிக் காட்டச் சொன்னாள். அவன் கூச்சப்பட்டான். பிறகு பேசினான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்த கையோடு கோபமும் வந்தது: பத்தொன்பது வருடமாகக் கடையில் தான் பார்த்தவர்களை, பார்க்காதவன் இவ்வளவு அச்சாகப் பிடித்திருக்கிறானே.

டீக்கடைக்குப் போகலாம், ஆனால் கதை யாருடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். அவன் போய்ச் சொன்னான். டீக்கடையில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லையாம். அடுத்த தடவை அந்த அக்காவையே அனுப்புங்கள், நேரில் கேட்க வேண்டும் என்றார்களாம்.

இந்தச் செய்தியை அவன் அவளிடம் சொன்னது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை கேட்டதை மூன்று நாள் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.