ஓடாதீங்க என்று சொல்லாதவள்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவளின் சொந்தப் பெயரைக் கேட்டால் ஊரில் உதட்டைப் பிதுக்குவார்கள். மைக் அக்கா வீடு எது என்று கேட்டால் நடைபழகும் குழந்தைகூடக் கை காட்டும்.

அவள் உட்கார்ந்திருந்தது ஒரு கண்ணாடிக் கூண்டில். ஒரு மேசை, ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. விசிறியின் சத்தமும் மைக்கில் ஏறிவிடும் என்பதால் பேசும்போதெல்லாம் அதை அணைத்துவிடுவாள். பேசி முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மூன்றாம் மேடையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது. "மூணாவது மேடைக்கு யாரும் போகாதீங்க" என்று அறிவித்தாள். சற்று நேரத்தில் நிலையமே மூன்றாம் மேடையில் நின்றது. ஒருவர் வழுக்கி விழுந்து, எண்ணெயும் அழுக்குமாக எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, மூணாவது மேடைக்குப் போகச் சொன்னது நீதானே?"

அன்றுதான் அவளுக்கு உறைத்தது. நம் பேச்சில் வேண்டாம் என்பது வார்த்தையின் வாலில் இருக்கிறது. 'போ' முதலில் போய்ச் சேர்கிறது. 'காதீங்க' வருவதற்குள் இரைச்சல் அதைத் தின்றுவிடுகிறது. அதன்பின் செய்யக் கூடாததை மைக்கில் சொல்வதையே விட்டாள். "நாலாவது மேடையில நில்லுங்க" என்பாள். வீட்டிலும் அப்படியே. மகள் மாடிப்படியில் குதித்து இறங்கினால் "விழுந்துடாதே" என்று சொல்ல மாட்டாள். "கைப்பிடியைப் பிடி" என்பாள்.

இயல்பிலேயே பயந்தவள். தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "அந்தப் பூட்டுக்கு உன்னைப் பார்த்தாலே கழுத்து வலிக்குதாம்மா" என்று மகள் கிண்டல் செய்வாள். அவள் சிரித்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே போவாள்.

கோயில் திருவிழா வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு திருவிழா மைக்கில் உட்காருவாள். மற்றவர்கள் சாமியைப் பார்ப்பார்கள். அவள் கண் வடக்கு வாசலின் குறுகலான சந்தின்மேல் இருக்கும். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், நடுவில் ஒரு படி. கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் யாருடைய தாவணி பறக்கிறது என்று பார்க்கும். வாசலின் இரும்புக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி கயிறு போட்டுக் கட்டச் சொல்வாள். சந்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்பாள்.

"நீங்க திருவிழாவை பஸ் ஸ்டாண்டா ஆக்கிடுவீங்கக்கா" என்பார் விழாக் குழுச் செயலாளர்.

"பஸ் ஸ்டாண்டுல இதுவரைக்கும் யாரும் நசுங்கலையே தம்பி."

எக்கோ விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. குரல் மலைமேல் இருந்து பேசுகிற மாதிரி மூன்று முறை திரும்பி வந்தால்தான் திருவிழாக் களை என்பது அவர் கட்சி. தெருவில் இருக்கிற கூம்பு ஒலிபெருக்கிகள் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்திப் பேசுவதே போதாதா என்பாள் இவள். அவள் குமிழைக் குறைப்பாள். அவர் ஏற்றுவார்.



ஒரு வருடம், மகள் வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஊர்வலம் பார்த்தே தீருவேன் என்று நின்றாள்.

"வீட்டு வாசல்லயே சாமி வரும். இங்கேயே பாரு" என்றாள் மைக் அக்கா.

"வாசல்ல நின்னு பார்க்க நான் என்ன காவல்காரியா? நீ மைக்ல இருக்கே. எனக்கென்ன பயம்?"

"மைக் உன் கையைப் பிடிச்சுக்குமாடி?"

மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆரஞ்சுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மைக் அக்கா, மைக்குக்காகத் தெருவில் உயரமாகக் கட்டிய பரணில் உட்கார்ந்து, பேசும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த ஆரஞ்சைத் தேடினாள். கடைசியாகக் கண்ணில் பட்டபோது அது சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சந்தில் எள் விழ இடமில்லை. பின்னால் ஊர்வலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று செம்பை எடுத்தாள்.

மேலே போக வேண்டிய வாணம் ஒன்று சாய்ந்து வந்து சந்தின் வாயில் இருந்த பந்தல்மேல் வெடித்தது. விளக்குச் சரம் படபடவென்று அணைந்தது. ஒரு பெண் அலறினாள். செயலாளர் தாவி வந்து மைக்கைப் பிடித்தார்.

"யாரும் ஓடாதீங்க! பயப்படாதீங்க! தள்ளாதீங்க!"

எக்கோ ஏற்றியிருந்தது. ஓடா, ஓடா, ஓடா என்று தெரு முழுக்கக் கேட்டது. தள்ளா, தள்ளா, தள்ளா. முதலில் வெளியே நின்றவர்கள் ஓடினார்கள், அதுவும் சந்துக்குள். நெல்மூட்டையை மூட்டை நெருக்குவது போல முதுகை முதுகு நெருக்கியது.

அவள் மைக்கைப் பிடுங்கினாள். யாரிடமும் எதையும் பிடுங்கிப் பழக்கமில்லாதவள். இன்னொரு கை குமிழை அடிவரை திருகியது. வாயைத் திறந்தாள். என்ன சொல்வதென்று நெஞ்சில் ஒன்றுமில்லை. நாக்கு தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. எங்கிருந்தோ ஒரு குரல், "டேய், பஸ் வந்துடுச்சுடா!" என்றது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிறவனால் தள்ள முடியாது. அந்த இடைவெளி அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மேளம், நிறுத்துங்க." நிறுத்தினார்கள்.

"ரோட்டுல இருக்கிறவங்க, அங்கேயே நில்லுங்க." ஒலிபெருக்கிகள் ஓயும்வரை காத்திருந்தாள். "சந்து வாசல்ல இருக்கிறவங்க, திரும்புங்க. ரோட்டுப் பக்கம் நடங்க. மெதுவா நடங்க. உள்ளே இருக்கிறவங்க, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி வைங்க."

கூண்டுக்குள் இருந்து பேசும் அதே தட்டையான குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அக்கா, உங்க பொண்ணு உள்ளேதானே இருக்கு?" என்றார் செயலாளர். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா!"

பெயர் தொண்டைவரை வந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். மைக்கில் யாரைக் கூப்பிட்டாலும் கூட்டத்தை முட்டிக்கொண்டு மைக்கை நோக்கித்தான் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பெயரை விழுங்கிவிட்டு, "ரோட்டுப் பக்கம் நடங்க" என்றாள்.

சந்து மூச்சு விட்டது. வெளி வரிசை நகர, அடுத்த வரிசை நகர, ஈரத்துணி பிரிவது போலக் கூட்டம் பிரிந்தது. கை சிராய்த்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள் வெளியே வந்தார்கள். ஆரஞ்சு மட்டும் வரவில்லை. அவள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் சந்தின் வாயை விட்டு நகரவே இல்லை.

கடைசி ஆட்களோடு வந்தாள் மகள். மதிலில் பூட்டிக் கிடந்த ஒரு கதவின் குழிவில் ஒண்டி நின்றிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு பெண் இரண்டு கையையும் மதிலில் ஊன்றி அவளுக்கு வேலிபோல நின்றிருக்கிறாள். தலை கலைந்து, வெறுங்காலோடு, வயிற்றைப் பிடித்தபடி பரணின் அடியில் வந்து நின்றாள். முகம் பயத்தில் வெளுத்திருந்தாலும் கோபம் அதையும் மீறித் தெரிந்தது.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டே. என்னைக் கூப்பிடலையேம்மா நீ! நான் உள்ளே நின்னு காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை? ஒரே ஒரு தடவை?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியே."

"வந்திருப்பேன்தான்" என்றாள் மகள்.

"குழந்தை அசையுதா?"

"அசையுது."

மைக் அக்கா மைக்கை மேசையில் வைக்கப் போனாள். விரல்கள் பிரியவில்லை. மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அவள் பிடியில் அது மேசைப் பலகையில் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. செயலாளர்தான் குனிந்து, பொத்தானைத் தேடி அணைத்தார்.